ஐந்தாவது பிரஸ்ஸுக்கு ஒரு பாயின்டர்

ஒரு பெண்ணின் நிரந்தர வேலையை, கம்ப்யூட்டர் புரோகிராமில் எழுதிய ஒரே ஒரு வரியால் நான் தொலைக்கப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. அதைச் சொல்லித்தான் பின்னால் எல்லோரும் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். வேண்டுமென்று செய்திருந்தால் கொஞ்சம் கவனமாகவாவது செய்திருப்பேன் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். வீடு மணவாள நகரில். தினமும் பைக்கில் போய் வருகிறேன். மழை நாளில் முதுகு வரை சேறு ஏறும். எங்கள் பிரிவில் ஆறு பிரஸ் இருக்கின்றன. பிரஸ் என்றால் அச்சகம் இல்லை. சூடான இரண்டு இரும்புப் பிளேட், நடுவே வேகாத பச்சை ரப்பர். அழுத்தி வைத்தால் சில நிமிடங்களில் ரப்பர் வெந்து பொருளாகிவிடும். பிறகு பிரஸ் வாயைத் திறந்து, வெந்ததை எடுத்து, புதிதாக வைத்து, மூட வேண்டும். வாய் அதிக நேரம் திறந்தே கிடந்தால் பிளேட் ஆறிப்போகும். ஆறிய பிளேட்டில் வெந்த பீஸ் பிசுபிசுவென்று இருக்கும். வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான்.

அப்படித் திரும்பி வருவது போன வருடம் அதிகமாயிற்று. எந்தப் பிரஸ்ஸில் கோளாறு என்று கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் ஆறிலிருந்தும் வரும் பீஸ்கள் ஒரே டிராலியில் விழுந்துதான் ஓரம் வெட்டும் மேஜைக்குப் போகும். கேட்டால் ஆளாளுக்குப் பக்கத்து மிஷினைக் கை காட்டுவார்கள். மேனேஜருக்குத் தலை வெடித்தது. ஒவ்வொரு பிரஸ்ஸின் சூட்டையும் நொடிக்கு நொடி பார்த்துச் சொல்ல ஒரு போர்டு வேண்டும் என்றார். வெளியிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டாம், நானே செய்கிறேன் என்று கையைத் தூக்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் தூக்கினேன்.

டிப்ளமோவில் சி மொழி ஒரு பாடம். பாயின்டர் பற்றிய அத்தியாயம் வந்ததும் வகுப்பில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் பார்க்கவில்லை. அந்தத் திமிர் எனக்கு இன்னும் உண்டு. ஒரு பிரஸ்ஸுக்கு நான்கு மூலை, மூலைக்கு ஒரு சென்சார். ஆக ஆறு பிரஸ்ஸுக்கு இருபத்துநான்கு அளவுகள். எல்லாவற்றையும் ஓர் அரேயில் வைத்தேன். அரே என்றால் வரிசையாக அடுக்கிய பெட்டிகள். பாயின்டர் என்றால் அந்தப் பெட்டிகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டும் விரல். விரலை நகர்த்திக்கொண்டே போனால் ஆறு பிரஸ்ஸையும் பத்து வரியில் படித்து முடிக்கலாம். பாயின்டர் இல்லாமலும் எழுதலாம். கொஞ்சம் நீளும், ஆனால் பார்க்கிற எவனுக்கும் புரியும். அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை.

எழுதி முடித்ததும் கம்பைலர், அதாவது நாம் எழுதியதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் புரோகிராம், ஓரிடத்தில் மஞ்சள் நிறத்தில் முனகியது. இங்கே கேட்கும் பாயின்டர் ஒரு வகை, நீ கொடுப்பது வேறு வகை என்றது. எச்சரிக்கைதான், தவறு என்று நிறுத்தவில்லை. சும்மா இரு என்று அதற்குச் சொல்ல சி மொழியிலேயே வழி இருக்கிறது. வகையை மாற்றிக்கொள் என்று முன்னால் ஒரு சின்ன அடைப்புக்குறி போட்டேன். மஞ்சள் மறைந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

எங்கள் கம்பெனியில் முதல் பீஸ் என்று ஒரு பழக்கம். ஷிஃப்ட் தொடங்கியதும் வருகிற முதல் பீஸைக் குவாலிட்டி ஆள் எடுத்து அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு மாட்டுவார்கள். அப்புறம் எட்டு மணி நேரத்துக்கு லைன் ஓடும், யாரும் கேட்க மாட்டார்கள். முதல் பீஸ் ஓகே என்றால் எல்லாம் ஓகே. பத்து வருடமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கைக்கும் அதே பழக்கம் வந்துவிடுகிறது. போர்டை மாட்டிய அன்று முதல் பிரஸ்ஸின் வாயைத் திறந்து வைத்தேன். போர்டில் முதல் வரிசையின் சூடு இறங்கியது. நான்கு மூலையும் வரம்புக்குக் கீழே போனதும் பக்கத்திலிருந்த சிவப்பு எண் பூஜ்யத்திலிருந்து ஒன்றானது. மூடினேன், சூடு ஏறியது. மற்ற ஐந்து வரிசைகளை அதற்கப்புறம்தான் பார்த்தேன், நூற்றுஅறுபத்தெட்டு, நூற்றுஎழுபது என்று நியாயமான எண்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. மேனேஜர் கை கொடுத்தார். நானே போர்டின் மேல் பச்சைச் சீட்டு மாட்டினேன்.

அந்தச் சிவப்பு எண்ணுக்கு லேட் மார்க் என்று பெயர் வைத்தார்கள். ஆபரேட்டர் பிரஸ்ஸை மூட லேட் செய்தால் அது ஒன்று ஏறும். ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கணக்கு தனி. ஒவ்வொரு காலையும் ஷிஃப்ட் தொடங்கும் முன் போர்டுக்குக் கீழே ஐந்து நிமிட மீட்டிங் நடக்கும். மேனேஜர் ஆறு எண்களையும் சத்தமாகப் படிப்பார். முதல் வாரத்தின் முடிவில் முதல் பிரஸ் மூன்று, இரண்டாவது ஒன்று, மூன்றாவது பூஜ்யம், நான்காவது ஒன்று, ஆறாவது பூஜ்யம். ஐந்தாவது பிரஸ் பதினொன்று.

எங்கள் லைனில் ஆளைப் பிரஸ் நம்பரால்தான் கூப்பிடுவோம். அஞ்சாம் நம்பர் என்பது ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கும்மிடிப்பூண்டி வரை ரயில், அங்கிருந்து கம்பெனி வேன். முதல் இரண்டு பிரஸ்ஸில் இருந்தவர்கள் பழைய நிரந்தர ஆட்கள். மூன்று முதல் ஆறு வரை நான்கும் கான்ட்ராக்ட் பெண்கள். கான்ட்ராக்ட்காரன் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஆளை நிறுத்தி, வேறு கம்பெனிக்கு அனுப்பிவிடுவான். அங்கே மறுபடி முதலிலிருந்து. இந்தப் பெண் அப்படி நான்கு கம்பெனி பார்த்துவிட்டு வந்தவர். இந்த முறை அவர்கள் நான்கு பேரையும் கம்பெனியின் சொந்த ஆட்களாக, ரோலில் எடுப்பதாகப் பேச்சு. ஒரே நிபந்தனை, இரண்டு மாதத்தில் லேட் மார்க் இருபதுக்குள் இருக்க வேண்டும். என் போர்டை நம்பி வைத்த நிபந்தனை.

"அஞ்சாம் நம்பர், இன்னாம்மா இது? ஊட்டு ஞாபகமா?" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகம் இல்லை என்று எழுதலாம். ஆனால் ஞாபகம் இருக்கிறது.

போர்டு மாட்டிய மூன்றாவது நாளே அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டிருந்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஒருவாட்டி வந்து எம் மிஷின பாருங்க சார். நான் டக்கு டக்குனு மூடிட்றேன். அது பாட்டுக்கு ஏறிக்கினே கீது."

"போர்டு பொய் சொல்லாதும்மா" என்றேன். "நீ மூடறதுல எங்கியோ லேட்டாவுது. கொஞ்சம் கவனி."

"இல்ல சார், நான் எண்ணிக்கினேதான் மூடறேன்."

"சரி, வேகமா எண்ணு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். எழுந்து போய்ப் பார்க்க இருபதடி தூரம்.

அடுத்த வாரம் இரண்டாம் நம்பர் வந்தார். ரிட்டயர் ஆக இரண்டு வருடமே இருந்த பெரியவர், ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். "நைனா, எம் மிஷினு சூடே நிக்க மாட்டேங்குது. வாயத் தொறந்தா பொசுக்குனு எறங்கிப் போவுது. ஒரே பேஜாரா கீது. வந்து பாரு நைனா."

அவரையும் போர்டுக்குக் கீழே கூட்டிப்போய், "இதோ பாருங்கண்ணா, உங்க லைன்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இன்னா கொறச்சல்?" என்று கேட்டேன். அவர் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அட போ நைனா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒருத்தர் என் மிஷின் நன்றாக இருக்கிறது என்கிறார், போர்டு இல்லை என்கிறது. இன்னொருத்தர் என் மிஷின் கெட்டிருக்கிறது என்கிறார், போர்டு இல்லை என்கிறது. இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். ஒன்றும் உறைக்கவில்லை.

எண் ஏறிக்கொண்டே போனது. இருபது. இருபத்தாறு. அஞ்சாம் நம்பர் இடைவேளையில் எழுந்து போகாமல் மிஷின் பக்கத்திலேயே நின்று டிபன் பாக்ஸைத் திறந்தார். பக்கத்துப் பிரஸ் பெண்களோடு பேசுவதை நிறுத்தினார். பீஸை எடுத்த கை வெளியே வருவதற்குள் மறு கையால் மூடும் பட்டனைத் தேடினார். ஒரு நாள் அவசரத்தில் மேல் பிளேட் முழங்கைக்குக் கீழே பட்டுவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வெந்து சுருண்டது. ஃபர்ஸ்ட் எய்டில் களிம்பு தடவி அனுப்பினார்கள். மறுநாள் கட்டோடு வந்தார். அன்று எண் முப்பத்துமூன்று. மீட்டிங்கில் அதைப் படித்தபோது அவர் தலை நிமிரவே இல்லை.

இரண்டு மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, அஞ்சாம் நம்பர் காலையில் வேலைக்கு வந்ததும் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனேன். ஐந்தாவது பிரஸ்ஸின் ஹீட்டர் கேபிள் முந்தின ஷிஃப்ட்டில் கருகிவிட்டதால் மிஷினை அணைத்து வைத்திருந்தார்கள். அவர் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், இது ராத்திரியிலேர்ந்து ஆஃப்ல கீது. கை வச்சிப் பாருங்க."

வைத்தேன். பிளேட் சில்லென்று இருந்தது.

"இப்ப தோ, மேல பாருங்க."

போர்டில் ஐந்தாவது வரிசை நூற்றுஅறுபத்தாறு காட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்கியது. நூற்றைம்பத்தெட்டு. நூற்றைம்பது. பக்கத்திலிருந்த நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாக மாறியது. மின்சாரமே இல்லாத மிஷினில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு ஒரு லேட் மார்க்.

"நான் ஒண்ணும் பண்ல சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. இதற்கும் தன்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

முதலில் வயரிங்கைச் சந்தேகப்பட்டேன். மனிதனுக்குத் தன் மேல் சந்தேகம் கடைசியில்தான் வரும். ஐந்தாவது பிரஸ்ஸின் நான்கு சென்சார் வயர்களையும் பிடுங்கினேன். போர்டு அசையவில்லை. ஆறாவதைப் பிடுங்கினேன், நான்காவதைப் பிடுங்கினேன், அசையவில்லை. மூன்றாவதில் ஒரே ஒரு வயருக்கு மட்டும் ஆறாவது வரிசை ஆடியது. அப்புறம் இரண்டாவது பிரஸ்ஸின் முதல் வயரை எடுத்தேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நான்கு வரிசைகள் ஒன்றாக ஆடின. இரண்டாவது பிரஸ்ஸின் நான்கையும் எடுத்ததும் ஐந்தாவது வரிசை முழுக்கச் செத்துப்போனது. பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னா நைனா, எம் மிஷினுல கை வைக்க இன்னிக்கித்தான் டயம் கெடைச்சுதா?" என்று கேட்டார். லேப்டாப்பை எடுக்கப் போனேன்.

பத்து வரிதான். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஓர் ஊரில் ஆறு தெரு, தெருவுக்கு நான்கு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயின்டரோடு ஒன்றைக் கூட்டினால் அது எவ்வளவு தூரம் நகரும் என்பது, அது எதைச் சுட்டுகிறது என்பதைப் பொறுத்தது. தெருவைச் சுட்டும் பாயின்டர் ஒரு தெரு தாண்டும். வீட்டைச் சுட்டும் பாயின்டர் ஒரு வீடு தாண்டும். எனக்கு வேண்டியது தெருவைச் சுட்டுவது, அதாவது நான்கு பெட்டி கொண்ட முழு அரேயைச் சுட்டும் பாயின்டர். அதை எழுத, பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம், இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறி, பின்னால் சதுர அடைப்புக்குள் நான்கு என்று போட வேண்டும். நான் வெறும் நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தேன். அது ஒற்றை வீட்டைச் சுட்டும்.

ஐந்தாவது தெருவுக்குப் போக நான்கு தெரு தாண்ட வேண்டும். என் விரல் நான்கு வீடு தாண்டி, இரண்டாவது தெருவின் முதல் வீட்டு வாசலில் நின்று, அங்கிருந்து நான்கு வீட்டை எண்ணி, ஐந்தாவது தெரு என்று போர்டில் எழுதியது. பெரியவரின் மிஷினில் இறங்கிய சூடெல்லாம் இந்தப் பெண்ணின் கணக்கில் ஏறியது இப்படித்தான். மற்ற வரிசைகளில் இரண்டு பிரஸ்களின் மூலைகள் கலந்து கிடந்ததால் நான்கும் ஒன்றாக இறங்குவது அபூர்வம், அதனால் அவர்களுக்கு மார்க் அதிகம் விழவில்லை. முதல் பிரஸ் மட்டும் எப்போதும் சரி. தெருவின் முகவரியும் அதன் முதல் வீட்டின் முகவரியும் ஒன்றுதானே. எந்தப் பாயின்டர் போட்டாலும் முதல் இடத்தில் வித்தியாசம் தெரியாது. நான் சோதித்தது அந்த முதலை மட்டும். கம்பைலர் மஞ்சளில் சொன்னதும் இதையேதான். அதன் வாயையும் அடைத்தேன், அந்தப் பெண்ணின் வாயையும் அடைத்தேன், பெரியவரின் வாயையும் அடைத்தேன். மூன்று பேரும் சொன்னது சரி.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்ப உட்டுடு. ரெண்டு மாசமா போர்டு தப்புன்னு வெளிய தெரிஞ்சா, கஸ்டமருக்கு இன்னான்னு சொல்றது? அடுத்த மாசம் ஆடிட் கீது."

"அந்தம்மா பேரு ரோல் லிஸ்ட்ல இல்லையே சார். வெள்ளிக்கிழம லிஸ்ட்டு போவுது."

"சேக்கணும்னா காரணம் எழுதணும்பா. காரணம் எழுதுனா போர்டு தப்புன்னு எழுதணும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, அவங்க லேட் பண்லன்னாவது உன்னால காட்ட முடியுமா? அவங்க மிஷினோட நெஜ டேட்டா குடு. அத வச்சிப் பேசலாம்."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சென்சார் அளவுகள் நொடிக்கு நொடி அழிந்து புதிதாக எழுதப்படும். லேட் மார்க் மட்டுமே சேமிக்கப்படும். ஐந்தாவது பிரஸ்ஸின் அளவுகள் அரேயில் ஒழுங்காக வந்து உட்கார்ந்துதான் இருந்தன, இரண்டு மாதமும். என் விரல் ஒருமுறைகூட அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. அவர் வேகமாக மூடினாரா, மெதுவாக மூடினாரா என்பதற்கு உலகத்தில் எங்கேயும் ஒரு குறிப்பும் கிடையாது.

"இல்ல சார்" என்றேன்.

"அப்ப பாரு" என்றார்.

மதியம் கேன்டீன் பக்கம் அஞ்சாம் நம்பரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தெரு, வீடு எல்லாம் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, என் கிளாஸில் பாதிப் பேரை விட நன்றாகவே புரிந்தது. கட்டுப் பிரித்த கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நானே நம்பிட்டேன் சார்" என்றார். "எனக்கே தெரியாம நான் எங்கியோ நின்னுட்றேன் போலன்னு. ஊட்ல போயி பாத்திரம் கழுவசொல்லகூட எண்ணிக்கினே கழுவுனேன்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

"என்னிய எங்க வச்சித் திட்டுனாங்களோ அங்க வச்சிச் சொல்லுங்க சார். எல்லாரும் இருக்கசொல்ல."

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் எண்களைப் படிக்க வாயைத் திறக்கும் முன் நான் முன்னால் போய் நின்றேன். "ரெண்டு மாசமா அஞ்சாவது லைன்ல காட்டுனது அஞ்சாவது மிஷின் இல்ல. ரெண்டாவது மிஷினு. புரோகிராம்ல நான் பண்ண தப்பு. அந்த மார்க் எதுவும் இந்தம்மாவோடது இல்ல" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் அடுத்த வருடத்து இன்கிரிமென்ட் போயே போய்விட்டது என்று தெரிந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்று பெரியவர் எல்லோரையும் சுற்றிப் பார்த்துக் கேட்டார். மேனேஜர் உடனே மெக்கானிக்கல் ஆட்களைக் கூப்பிட்டு இரண்டாவது பிரஸ்ஸைத் திறக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். கீழ் பிளேட்டுக்கு அடியில் சூடு இறங்காமல் தடுக்கும் அட்டை இரண்டாக உடைந்திருந்தது. புது அட்டை போட்டார்கள், தீர்ந்தது. யாரும் லேட் செய்யவில்லை. பெரியவர்கூட.

அஞ்சாம் நம்பர் தன் மிஷினில் வேலை செய்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனபோது, "அவுரு மிஷினுன்னு தெரிஞ்ச ஒடனே மிஷினத் தொறந்துட்டாங்க இல்ல சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பெண்ணின் மிஷின் என்று நினைத்திருந்த இரண்டு மாதமும் யாரும் திறக்கவில்லை. எல்லோருமே அவரைத்தான் பார்த்தோம்.

இனி எழுதாமல் முடியாது என்று ஆனதால், நடந்ததை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். பட்டியலோடு இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். சுருக்கமாக எழுதினேன். 'மேற்படி இரண்டு மாதங்களில் ஐந்தாவது பிரஸ்ஸின் அளவுகள் எதுவும் பதிவு செய்யப்படவில்லை. ஐந்தாவது வரிசையில் காட்டப்பட்டவை இரண்டாவது பிரஸ்ஸுக்கு உரியவை. தவறு புரோகிராமை எழுதிய என்னுடையது.' கொடுக்கும் முன் அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இடைவேளையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தெழுத்தாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார்.

"இதுல நான் ஒயுங்கா செஞ்சேன்னு எங்க சார் கீது?"

"அது இல்லம்மா. மார்க் உன்னுது இல்லன்னுதான் எழுதியிருக்கேன்."

"ஏன், எழுதுனா இன்னா?"

"அதுக்கு ஆதாரம் இல்லம்மா. அந்த ரெண்டு மாசம் உம் மிஷின யாருமே பாக்கல. பாக்காதத எப்டி எழுதறது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் என்னை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"நான் பாத்தேனே சார். தெனமும் எட்டு மணி நேரம் நாந்தானே பாத்துக்கினு இருந்தேன்."

தாளை வாங்கி, மிஷின் மேஜையில் வைத்து, கீழே இன்னொரு வரி சேர்த்தேன். 'இந்த இரண்டு மாதங்களில் தான் ஒருநாளும் தாமதிக்கவில்லை என்று ஐந்தாவது பிரஸ் ஆபரேட்டர் சொல்கிறார்.' பேனாவைக் கொடுத்தேன். அதன் கீழே தன் முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதினார்.

மேனேஜர் அந்தக் கடைசி வரியைக் காட்டி, "இது எதுக்குப்பா? இதுக்கு ப்ரூஃப் ஏது?" என்று கேட்டார். "அது இருக்கட்டும் சார்" என்றேன். கொஞ்சம் முறைத்தார், அப்புறம் இணைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பட்டியல் நான்கு பெயரோடு போனது. அடுத்த மாதம் நான்கு பேருக்கும் ஆர்டர் வந்தது. எனக்கு இன்கிரிமென்ட் வரவில்லை. என் தாளின் நகல் ஒன்று மெயின்டனன்ஸ் ஃபைலில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். ஐந்தாவது பிரஸ்ஸைப் பற்றி நேரில் பார்த்த ஆள் சொன்னது அதில் அந்தக் கடைசி வரி ஒன்றுதான்.